கண்ணை மூடிக் கேட்க வேண்டிய கிண்ணங்கள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தைக் கடந்து கலஹா வீதியில் மேலேறினால், கலஹாவுக்கு அப்பால் தெல்தோட்டை வருகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரா தோட்டம் இந்த மலைப்பக்கத்தில்தான் இருக்கிறது. தேயிலையின் வரலாற்றில் இடம்பிடித்த ஊர். ஆனால் சபாக்களின் ஊர் அல்ல. கர்நாடக சங்கீதம் இங்கே கோயில் ஒலிபெருக்கியிலும் வானொலியிலும் வந்தது. இப்போது கைத்தொலைபேசியிலும் வருகிறது. மார்கழியில் சென்னை மண்டபங்களில் உட்கார்ந்து கேட்பவரோடு ஒப்பிட்டால் இது பெரிய இழப்பு என்றே யாரும் சொல்வார்கள். பாடகரின் முகம் தெரியவில்லை, மிருதங்கக்காரரின் விரல் தெரியவில்லை, சபை ஆடித் தாளம் போடுவதும் தெரியவில்லை. பெரும்பாலான கச்சேரிகளுக்கு அந்தக் கணக்கு சரிதான். ஒரே ஒரு வகை வாத்தியங்களுக்கு மட்டும் கணக்குத் தலைகீழாகிறது. நீர் நிரப்பிய பீங்கான் கிண்ணங்களைத் தட்டி வாசிக்கும் ஜலதரங்கத்தையும், ஈர விரலால் உரசி வாசிக்கும் ஐரோப்பியக் கண்ணாடி வாத்தியங்களையும் பார்க்காமல் கேட்பவருக்குத்தான் அவற்றின் சங்கீதம் முழுதாகக் கிடைக்கிறது. பார்ப்பவருக்குக் கிடைப்பது பாதி வேடிக்கை. இந்த வாத்தியங்கள் நலிந்ததற்கும் அந்த வேடிக்கையே பெரும் காரணம்.

மேடையில் ஜலதரங்கம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாசிப்பவரைச் சுற்றி அரைவட்டமாகப் பதினாறோ அதற்கு மேலோ வெண்கிண்ணங்கள். இடக்கைப் பக்கம் பெரியவை, வலக்கை நோக்கிப் போகப் போகச் சிறியவை. இரண்டு மெல்லிய குச்சிகள். கச்சேரிக்கு முன் குவளையிலிருந்து நீர் ஊற்றுவதும் கரண்டியால் எடுப்பதுமே ஒரு நாடகம். சபையிலிருப்பவர் மனதில் எழும் முதல் கேள்வி ராகத்தைப் பற்றியதாக இருக்காது. கிண்ணம் உடையாதா, தண்ணீர் சிந்தாதா, குச்சி குறி தவறாதா என்பதாகவே இருக்கும். வாசித்து முடித்ததும் விழும் கைதட்டலில் பெரும்பகுதி இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதிலுக்கானது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1740களில் அயர்லாந்துக்காரர் ரிச்சர்ட் பொக்ரிச் நீர்க் கண்ணாடிகளை மேடையேற்றினார். 1746இல் பின்னாளில் பெரும் இசையமைப்பாளராகப் போற்றப்பட்ட குளுக், லண்டனில் ஊற்றுநீரால் சுருதி சேர்த்த 26 குடிக்கும் கண்ணாடிகளில் கச்சேரி செய்வதாக விளம்பரம் வந்தது. விளம்பரம் கூட்டத்தைக் கூப்பிட்டது கண்ணாடிகளின் எண்ணிக்கையைச் சொல்லித்தான். இசை இரண்டாம் இடம். புதுமை என்ற பெயரில் உள்ளே வந்த வாத்தியம், புதுமை மறைந்ததும் வெளியே போக வேண்டியதாகிறது.

பார்வையை ஒதுக்கிவிட்டுக் கேட்டால் என்ன கேட்கிறது? அதற்கு ஒலி பிறக்கும் வகையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கிண்ணத்தின் விளிம்பைத் தட்டும்போது ஒலிப்பது உள்ளேயிருக்கும் காற்றோ நீரோ அல்ல, கிண்ணத்தின் சுவர். வட்டமான விளிம்பு ஒரு கணம் ஒரு பக்கமாக நீண்டு முட்டை வடிவாகி, மறுகணம் குறுக்காக நீள்கிறது. இது விநாடிக்குப் பல நூறு தடவை நடக்கிறது. நீர் ஊற்றினால் சுவர் தன்னோடு அந்த நீரையும் அசைக்க வேண்டியிருக்கிறது. சுமை கூடுவதால் அசைவு மந்தமாகி, சுருதி இறங்குகிறது. அடியில் ஊற்றும் நீர் அதிகம் மாற்றுவதில்லை, ஏனென்றால் அங்கே சுவர் அசைவதே குறைவு. விளிம்பை நெருங்க நெருங்க ஒவ்வொரு கரண்டி நீரும் சுருதியைச் சட்டென்று இறக்கும். இன்னொரு விஷயமும் உண்டு. வீணைத் தந்தியில் மூலச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் ஒலிகள் அதன் முழு மடங்குகளை ஒட்டி அமைகின்றன; அதனால் அவை ஒன்றோடொன்று இழைந்து போகின்றன. கிண்ணத்தில் அப்படி அமைவதில்லை. ஆகவே ஒவ்வொரு கிண்ணத்தின் ஒலியிலும் சுரத்தோடு ஒட்டாத ஒரு மினுக்கம் முதலில் வந்து உடனே மறைகிறது. பிறகு சுத்தமான சுரம் நின்று, அதுவும் விரைவில் அடங்குகிறது. கூர்மையான தொடக்கம், குறுகிய வாழ்வு: ஜலதரங்கத்தின் இலக்கணம் இதுதான். ஒலிகளுக்கு நடுவே விழும் மௌனமும் அந்த இசையின் பகுதியாகிறது.

கண்ணாடியை உரசும்போது இதற்கு நேரெதிரானது நடக்கிறது. ஈர விரல் விளிம்பில் ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டுகிறது. வில் வயலின் தந்தியை இழுப்பதும் இதே முறையில்தான். 1761இல் எட்வர்ட் டெலவல் என்பவர் கண்ணாடிகளை இப்படி வாசித்ததைக் கேட்ட பெஞ்சமின் பிராங்க்ளின், தண்ணீரையே நீக்கிவிட்டு ஒரு வாத்தியம் அமைத்தார். 37 கண்ணாடிக் கிண்ணங்களை அளவு வாரியாக ஒன்றுக்குள் ஒன்று செருகி, கிடையான இரும்பு அச்சில் கோத்து, காலால் மிதித்துச் சுழற்றினார். சுழலும் விளிம்புகளில் ஈர விரலை வைத்தால் போதும். ஒரே நேரத்தில் பல சுரங்களும் எழும். அதன் ஒலி எங்கே தொடங்கியது என்றே தெரியாது. மெதுவாக முளைத்து, நீண்டு நின்று, மெதுவாக மறையும். பார்வையிழந்த கலைஞர் மரியான் கிர்ச்கெஸ்னர் இதில் பெயர் பெற்றிருந்தார். அவருக்காக மொசார்ட் 1791இல், தாம் இறந்த ஆண்டில், கண்ணாடி ஹார்மோனிக்கா எனப்பட்ட இந்த வாத்தியத்தோடு புல்லாங்குழல், ஓபோ, வயோலா, செல்லோ சேர்ந்த ஐவர் இசை ஒன்றை எழுதினார். வாத்தியத்தைக் கண்ணால் காணாத ஒருவர் அதன் மிகச் சிறந்த கலைஞர்களில் ஒருவராக விளங்கினார் என்பதையும், அவர் கையிலிருந்து கேட்டதற்காகவே மொசார்ட் எழுதினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இவ்வாத்தியம் யாருடையது என்பது புரியும்.

அந்த வாத்தியம் ஏன் மறைந்தது என்று கேட்டால் உடனே ஒரு கதை சொல்வார்கள்: கேட்டவருக்கும் வாசித்தவருக்கும் பித்துப் பிடித்தது என்று. மருத்துவர் மெஸ்மர் தமது மயக்கச் சிகிச்சையில் அதைப் பயன்படுத்தியதும், இசையமைப்பாளர் டோனிசெட்டி 1835இன் ‘லூசியா’ இசை நாடகத்தில் நாயகி மனம் பேதலிக்கும் காட்சிக்கு அதைத் தேர்ந்து, பிறகு புல்லாங்குழலுக்கு மாற்றியதும் இந்தக் கதைக்கு உரம் போட்டன. கண்ணாடியிலிருந்த ஈயம் விரல் வழியே ஏறியது என்றும் பின்னாளில் விளக்கம் சொன்னார்கள். அதற்கு நிரூபணம் இல்லை. அந்த ஒலி விசித்திரமாகத் தோன்றுவதற்குச் சாதாரணக் காரணம் ஒன்று இருக்கிறது. தாழ்ந்த ஒலி வரும் திசையை இரு காதுகளுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தாலும், உயர்ந்த ஒலியின் திசையை வலுவின் வித்தியாசத்தாலும் நாம் அறிகிறோம். ஏறத்தாழ 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு முறைகளுமே தடுமாறுகின்றன. கண்ணாடி ஒலியின் பெரும்பகுதி அங்கேதான் விழுகிறது. தொடக்கமும் தெரியாத, திசையும் தெரியாத ஒலி என்பதால் அது எங்கிருந்தோ வருவது போலிருக்கிறது. அது மறைந்ததற்குக் காரணமும் சாதாரணமானதே: மண்டபங்கள் பெரிதாயின, பியானோவும் பெரும் வாத்தியக் குழுவும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயின, கண்ணாடியால் கூட்ட முடியவில்லை. இங்கேயும் வாத்தியத்தைப் பற்றிய பேச்சு இசையை மூடிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் புரூனோ ஹொஃப்மன் கண்ணாடிகளுக்கு மீண்டும் மேடை தேடிக்கொடுத்தபோது அதற்கு ஒலிவாங்கியும் இசைத்தட்டும் துணை நின்றன. மெல்லிய ஒலிக்கு அப்போதுதான் பெரிய சபை கிடைத்தது.

பீங்கானைக் கண்ணாடியோடு சேர்ப்பது முறையா என்று சிலர் கேட்கலாம். ஜலதரங்கக் கிண்ணம் கண்ணாடியல்ல என்பது உண்மை. ஆனால் காதின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம். பீங்கான் உயர்ந்த வெப்பத்தில் வேகும்போது அதன் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகிறது. அந்தக் கண்ணாடிதான் துகள்களை இறுகப் பிணைத்துத் துளையில்லாமல் ஆக்குகிறது. மேலே பூசும் மெருகும் கண்ணாடியே. மாத்தளையில் பீங்கான் தொழிற்சாலை இருக்கிறது. கண்டிப் பக்கத்து வீடுகளில் அத்தகைய கோப்பை ஒன்றாவது இருக்கும். அதன் விளிம்பை நகத்தால் சுண்டிவிட்டு, பிறகு ஒரு மண்சட்டியைச் சுண்டினால் வித்தியாசம் தெரியும். நுண்துளைகள் நிறைந்த மண்சட்டி அசைவை உடனே விழுங்கிவிடுகிறது. பீங்கான் அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அகோபலர் எழுதிய ‘சங்கீத பாரிஜாதம்’ ஜலதரங்கத்தைக் குறிப்பிடுகிறது. அதற்கும் வெகு முன்னே வாத்ஸ்யாயனரின் அறுபத்து நான்கு கலைகளில் வரும் நீர் வாத்தியம் இதுதான் என்பார் சிலர். நீர்ப்பரப்பையே முழவு போல் தட்டுவது என்பார் உரைகாரர். எதுவானாலும், விளிம்பை அசைத்து ஒலி பெறும் இந்த முறை நம்மிடம் புதிதாக வந்து ஒட்டியதல்ல.

அடுத்த ஆட்சேபம் கனமானது. கர்நாடக சங்கீதத்தின் உயிர், சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம். கிண்ணத்துக்கு ஒரே சுரம்தான் தெரியும். ஆகவே ஜலதரங்கத்தில் வாசிப்பது ராகத்தின் எலும்புக்கூடே என்பார்கள். இதே வாதத்தால்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தை விலக்கி, சுமார் முப்பது ஆண்டுகள் விலக்கியே வைத்தது. மூன்று பதில்கள் உண்டு. ஒன்று, கிண்ணம் முழுக்க அசையாததல்ல. தேர்ந்தவர்கள் தட்டிய உடனே குச்சி நுனியால் நீரைத் தொட்டுச் சுரத்தை லேசாக வளைக்கிறார்கள். குரலின் கமகத்துக்கு அது ஈடாகாது, ஆனாலும் ராகச் சாயலைக் காட்டப் போதுமானது. இரண்டு, ஹார்மோனியத்தின் சுரத்தைத் தொழிற்சாலை தீர்மானிக்கிறது. கிண்ணத்தின் சுரத்தை வாசிப்பவரின் காது தீர்மானிக்கிறது. ஒரு ராகத்தின் காந்தாரம் இழையளவு தாழ்ந்து நிற்க வேண்டுமென்றால் அரைக் கரண்டி நீர் போதும். ஹார்மோனியத்தின் மேல் சொன்ன இந்த இன்னொரு பெரிய குற்றம் இங்கே பொருந்தவே இல்லை. மூன்று, நம் மரபிலேயே கமகம் மிகக் குறைந்த உருப்படிகள் இருக்கின்றன. முத்துசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளுக்குச் செய்த நொட்டுஸ்வர சாகித்யங்கள் பெரும்பாலும் நேர்ச்சுரங்களிலேயே நடப்பவை. பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் கதனகுதூகலக் கீர்த்தனை தாவித் தாவிப் போவது. இவற்றைச் சங்கீதம் என்று ஒப்புக்கொண்டவர், கிண்ணத்தை மட்டும் வாசலில் நிறுத்த முடியாது. தோடியும் சகானாவும் இதில் நிறைவாக வராது என்பது உண்மையே. எல்லா ராகமும் எல்லா வாத்தியத்திலும் வர வேண்டும் என்ற சட்டம் எங்கும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் தெரியும் ஒரு திறமை இந்த நீர்க்கணக்கில் இருக்கிறது. சங்கராபரணத்துக்குச் சேர்த்த கிண்ணங்களில் அதே நீரோடு ஹம்சத்வனியும் மோகனமும் வாசிக்கலாம். அவற்றின் சுரங்கள் யாவும் அங்கேயே இருக்கின்றன, வேண்டாத கிண்ணத்தைத் தொடாமல் விட்டால் சரி. கல்யாணிக்குப் போக வேண்டுமானால் மத்யமம் ஒன்றே மாறும். இரண்டு மூன்று கிண்ணங்களில் கொஞ்சம் நீரை எடுத்தால் சுருதி ஏறிப் பிரதி மத்யமம் வந்துவிடும். தோடிக்கு ரிஷபம், காந்தாரம், தைவதம், நிஷாதம் நான்கும் இறங்க வேண்டும். அதாவது எட்டு ஒன்பது கிண்ணங்களில் நீர் ஊற்றி, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துச் சரி செய்ய வேண்டும். ஆகவே ஜலதரங்கக் கச்சேரியில் ராகங்கள் வரும் வரிசைக்குப் பின்னால் நீரின் தர்க்கம் ஒன்று இருக்கிறது. வாசிக்கும்போது தெறிக்கும் துளிகளும் மின்விசிறிக் காற்றும் நீரைக் குறைத்துச் சுருதியை மெல்ல ஏற்றிக்கொண்டே இருக்கும். தம்புரா பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்கும். இறுதிவரை பஞ்சமம் பஞ்சமமாகவே நின்றதா என்பதுதான் வாசிப்பவருக்கு வைக்கும் உண்மையான பரீட்சை. கிண்ணம் உடையாமலிருப்பதைப் பார்த்துப் பரவசப்படும் கண்ணுக்கு இந்தப் பரீட்சை நடப்பதே தெரியாது.

நேரில் கேட்பதற்குப் பதிவு ஈடாகுமா என்ற கேள்வியும் நியாயமானதே. பொதுவாக ஈடாகாது. ஆனால் கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கி எதைத் தின்கிறது, எதை விடுகிறது என்று பார்க்க வேண்டும். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளை அதனால் தர முடிவதில்லை. ஆகவே மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போகிறது, ஆண் குரலின் மந்திர ஸ்தாயி மெலிந்துவிடுகிறது. கிண்ணங்களின் ஒலியில் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் அது தப்பித்துக்கொள்கிறது. நேரில் கேட்பவருக்கோ வேறொரு தொல்லை: பெரிய மண்டபத்தில் கிண்ணத்தின் மெல்லொலி பக்கவாத்தியத்தின் கீழ் அமுங்கும், எப்படியும் ஒலிவாங்கி வழியாகத்தான் சபைக்கு வந்து சேரும். பதிவில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்றுண்டு. மிகவும் சுருக்கப்பட்ட ஒலிக்கோப்புகள் கூர்மையான தொடக்கங்களைச் சிதைத்துவிடும். தட்டலுக்கு முன்பே ஒரு சொரசொரப்புக் கேட்கும். தொடக்கத்தையே நம்பி வாழும் வாத்தியத்துக்கு அது பெரும் அநியாயம். நல்ல தரமான பதிவும் சாதாரண ஹெட்போனும் இருந்தால், தெல்தோட்டையில் கேட்பவருக்கும் சென்னையின் பத்தாவது வரிசையில் கேட்பவருக்கும் இந்த ஒரு வாத்தியத்தில் அதிக வித்தியாசம் இல்லை.

கீபோர்ட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் இதே ஒலி வருகிறதே, பிறகு ஏன் இந்தக் கிண்ணமும் நீரும் என்பார் சிலர். கீபோர்ட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரு கிண்ணத்தின் ஒரு தட்டல். அதையே மேலும் கீழும் நீட்டிக் கொடுக்கிறது. உண்மையான வரிசையில் ஒவ்வொரு கிண்ணமும் தன் தடிமனுக்கும் நீரளவுக்கும் ஏற்பத் தனிக்குரல் கொண்டது. நிறைய நீர் கொண்டது சற்று மந்தமாகவும், குறைவாகக் கொண்டது பிரகாசமாகவும் ஒலிக்கும். ஒரு சுரத்தைப் பலமாகத் தட்டினால் அந்த முதல் மினுக்கம் அதிகமாகும், மெதுவாகத் தட்டினால் சுரம் மட்டும் நிற்கும். முந்திய கிண்ணத்தின் ஒலி அடங்குவதற்குள் அடுத்தது எழுவதால் இரண்டும் ஒரு கணம் சேர்ந்து ஒலிக்கின்றன. குரலிலோ நாகசுரத்திலோ இது நடக்கவே முடியாது. வேகமான கல்பனாசுரத்தில் இந்த மேற்பொருந்தல்தான் அழகைத் தருகிறது. கண் மூடிக் கேட்பவர் இரண்டு ஆவர்த்தனத்துக்குள் நிஜத்தையும் நகலையும் பிரித்துவிடுவார்.

இந்தக் கலையைக் காத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனையாம்பட்டிக் குடும்பத்தில் அது வழிவழியாக வந்து எஸ். கணேசனிடம் சேர்ந்தது. 1926இல் பிறந்த சீதா துரைசாமி, பத்துப் பிள்ளைகளை வளர்த்த குடும்பப் பொறுப்புக்கிடையில் விட்ட வாத்தியத்தை மறுபடி எடுத்து, கலைமாமணி விருது வரை வந்து, 2013இல் மறைந்தார். இந்துஸ்தானி மரபில் புனேயின் மிலிந்த் துளாங்கர் வாசிக்கிறார். இவ்வளவு குறைந்த பேர் கையில் இருக்கும் வாத்தியத்துக்கு என்ன நேரலாம் என்பதை ஈழத்தவர் நன்கறிவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழை நூல்களிலிருந்து மீட்கப் பல ஆண்டுகள் உழைத்து 1947இல் ‘யாழ்நூல்’ தந்தார். இலக்கணம் மீண்டது, கணக்கு மீண்டது. வாசித்தவர் விரலில் இருந்த பழக்கமும், நல்ல வாசிப்பு எது என்று சொல்லத் தெரிந்த கேட்பவரின் காதும் நூலில் இல்லாதவை.

அந்தக் காது ஜலதரங்கத்துக்கு இன்னும் மிச்சமிருக்கிறது, கொஞ்சமாக. அதை வளர்க்க மேடை தேவையில்லை. குரலில் நன்கு பழகிய ஹம்சத்வனிக் கீர்த்தனை ஒன்றை முதலில் கேட்டு, பிறகு அதே ராகத்தைக் கிண்ணங்களில் கேட்டால் போதும். குரல் இழைத்துக் காட்டிய இடங்களைக் கிண்ணம் புள்ளிகளாக விட்டுச் செல்லும். கேட்பவரின் நினைவு அந்தப் புள்ளிகளைச் சேர்க்கும். ராகத்தை எவ்வளவு தெரிந்திருக்கிறோம் என்பதை வேறெந்த வாத்தியமும் இவ்வளவு நேராகக் கேட்பவரிடமே கேட்பதில்லை. இவ்வளவு அரிய கலை என்று இரக்கப்பட்டு ஒவ்வொரு கச்சேரியையும் அருமை என்று சொல்லிவிடுவது, கிண்ணம் உடையவில்லை என்று கைதட்டுவதன் இன்னொரு வடிவமே. வீணைக்கும் வயலினுக்கும் நாம் தரும் மரியாதை அவற்றின் தவறுகளைச் சொல்வதில் இருக்கிறது. இன்றைய கல்யாணியில் மத்யமம் கொஞ்சம் ஏறிவிட்டது, கல்பனாசுரம் கிண்ணத்துக்கேற்ற வேகத்தில் இல்லை, மோகனம் மட்டும் நின்றது என்று ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டிலிருந்து ஒருவர் சொல்லத் தொடங்கும் நாளில்தான் ஜலதரங்கம் மற்ற வாத்தியங்களோடு சமமாக உட்காரும்.